ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சு, பேக்கப் ஆச்சா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சர்வர் பேக்கப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம். எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ராத்திரி ஆர்சிங்க் மூலம் எல்லா ஃபைல்களையும் இன்னொரு டிஸ்குக்குக் காப்பி செய்கிறேன். ஃபைல்கள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டதால் காலையில் ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் அது முடிந்தபாடில்லை. ஸ்னாப்ஷாட் என்றால் ஒரே நொடியில் முடிந்துவிடும் என்கிறார்கள். அது எப்படி? அதை மணிக்கொரு முறை தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஆர்சிங்கை நிறுத்திவிடலாமா? சர்வரைப் புதிதாக நிறுவும் யோசனையும் இருக்கிறது, எந்த ஃபைல்சிஸ்டம் போடலாம்?

பதில்: ஆர்சிங்கை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த ஒரு நொடி விஷயம்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது எதுவுமே காப்பி ஆவதில்லை, அதனால்தான் ஒரு நொடியில் முடிகிறது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரியான ஃபைல்சிஸ்டங்களில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி நிர்வகிக்கும் முறைகள்) ஒரு ஃபைல் மாறினால் பழைய பிளாக்கின், அதாவது டேட்டா இருக்கும் சிறு துண்டின், மேல் எழுதுவதில்லை. டிஸ்கில் காலியாக இருக்கும் வேறொரு இடத்தில் புதுப் பிளாக்கை எழுதிவிட்டு, பழைய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்த சுட்டியைப் புது இடத்துக்குத் திருப்பிவிடும். சாதாரணமாக அந்தப் பழைய பிளாக் அதோடு விடுவிக்கப்பட்டுவிடும். ஸ்னாப்ஷாட் என்பது, இந்த நேரத்தில் இருக்கிற பிளாக்குகள் எதையும் விடுவிக்காதே என்று ஃபைல்சிஸ்டத்துக்குப் போடும் உத்தரவு, அவ்வளவுதான். எடுத்த உடனே அது பிடிக்கும் இடம் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு நீங்கள் ஃபைல்களை மாற்ற மாற்ற, அழிக்க அழிக்க, பழைய பிளாக்குகள் தேங்கி அதன் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. காப்பி ஆகவில்லை என்றால் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஐம்பது ஸ்னாப்ஷாட்டில் ஒரே ஃபைல் தெரிந்தாலும் டிஸ்கில் இருப்பது அந்த ஒரே பிளாக்தான். அது கெட்டுப்போனால் ஐம்பதிலும் கெட்டுப்போகும், டிஸ்க் போனால் ஐம்பதும் சேர்ந்து போகும். யாரோ தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார்கள், ஒரு அப்டேட் சொதப்பிவிட்டது, பழைய நிலைக்கு உடனே திரும்ப வேண்டும் என்ற மாதிரி நேரங்களில் ஸ்னாப்ஷாட்டுக்கு இணையாக ஒன்றுமே கிடையாது. ஆனால் அது வேறொரு மெஷினுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதை நான் பேக்கப் என்று எண்ணிக்கொள்ள மாட்டேன்.

அதே சமயம் உங்கள் ஆர்சிங்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது, நேரம் அதிகமாவது மட்டுமில்லை. நள்ளிரவில் தொடங்கிக் காலை வரை ஓடினால் முதல் ஃபோல்டர் நள்ளிரவு நிலையிலும் கடைசி ஃபோல்டர் காலை நிலையிலும் காப்பியாகிறது. இடையில் யாராவது ஒரு ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியிருந்தால் அது இரண்டிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். ஸ்னாப்ஷாட் தருவது ஒரே கணத்தின் நிலை. அதனால் முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஆர்சிங்க் ஓட்டினால் இந்தக் கோளாறு அன்றைக்கே தீர்ந்துவிடும். நேரமும் குறைய வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் உள்ள 'செண்ட்', 'ரிசீவ்' வசதிக்கு மாறுங்கள். ஆர்சிங்க் ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுப் பார்த்துத்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்கிறது, லட்சக்கணக்கான ஃபைல்கள் என்றால் அந்தத் தேடலுக்கே பாதி ராத்திரி போய்விடும். இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவில் எந்தெந்தப் பிளாக் மாறியது என்பது ஃபைல்சிஸ்டத்துக்கே தெரியும், அதனால் செண்ட் எதையும் தேடாமல் மாறியதை மட்டும் அனுப்பிவிடும்.

எந்த ஃபைல்சிஸ்டம் என்றால், டேட்டாவுக்கு என் ஓட்டு இசட்எஃப்எஸுக்கு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-இல் ஓப்பன்சோலாரிஸ் வழியாக மூலநிரலோடு வெளியிட்டது, இன்று ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடுகிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்திருப்பதால் டிஸ்க் சத்தமில்லாமல் தவறான டேட்டாவைத் திருப்பித் தந்தால்கூட அது கண்டுபிடித்துவிடும். ஒரே சங்கடம், உரிமம் காரணமாக அது லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, தனி மாட்யூலாகத்தான் வரும். அதனால் கெர்னலை அப்டேட் செய்யும்போது இசட்எஃப்எஸ் மாட்யூலும் அந்தப் பதிப்புக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பிடிஆர்எஃப்எஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, 2009 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றை டிஸ்க், அல்லது இரண்டு டிஸ்க் மிரர் என்றால் தாராளமாக வைக்கலாம், ஆனால் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் அதன் ரெய்டு 5, ரெய்டு 6 முறைகள் பக்கம் போகாதீர்கள். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுத் தரும் லினக்ஸ் அடுக்கு) மேல் இஎக்ஸ்டி4 என்ற வழக்கமான லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்தைப் போட்டும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம் என்று சொல்வார்கள். எடுக்கலாம்தான், ஆனால் பழைய பாணி எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்கூட்டியே இவ்வளவு இடம் என்று ஒதுக்கிவைக்க வேண்டும், அந்த இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். அது இருக்கும் வரை ஒவ்வொரு பகுதியிலும் முதல் முறை எழுதும்போது பழையதைக் காப்பி செய்த பிறகே எழுத வேண்டியிருப்பதால் டிஸ்க்கும் மந்தமாகும். பேக்கப் ஓடும் சில மணி நேரத்துக்கு மட்டும் எடுத்து, முடிந்ததும் அழித்துவிடுவதற்கு அது போதும், மாதக்கணக்கில் வரலாறு வைத்துக்கொள்ள ஆகாது.

அப்புறம், நிறுவும்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு, பிறகு செய்வது பெரிய வேலை. டேட்டாவைத் தனித்தனி டேட்டாசெட்டாக (தனியாக நிர்வகிக்கக்கூடிய உட்பிரிவு, பிடிஆர்எஃப்எஸில் இதற்குச் சப்வால்யூம் என்று பெயர்) பிரித்து வையுங்கள். டேட்டாபேஸ் ஒன்று, ஆட்களின் ஃபைல்கள் ஒன்று, லாக் ஒன்று, தற்காலிக ஃபைல்களும் கேஷும் ஒன்று. ஸ்னாப்ஷாட் எத்தனை முறை எடுப்பது, எவ்வளவு நாள் வைப்பது என்பதெல்லாம் டேட்டாசெட் அளவில்தான் தீர்மானமாகிறது, எல்லாம் ஒரே மூட்டையாக இருந்தால் யாருக்கும் வேண்டாத கேஷ் ஃபைலையும் ஆறு மாதம் சுமந்துகொண்டிருப்பீர்கள். இசட்எஃப்எஸில் உட்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணத்தில் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸில் அப்படிக் கிடையாது: ஒரு சப்வால்யூமுக்குள் இன்னொரு சப்வால்யூம் இருந்தால் வெளியே உள்ளதை ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது உள்ளே இருப்பது வராது, அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும் தெரியும். பேக்கப்பைத் திறந்து பார்த்தால் காலி ஃபோல்டர் என்று பதறுகிறவர்களில் பலருக்கும் காரணம் இதுதான். அதனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு சப்வால்யூமுக்கும் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: சர்வரில் ரெய்டு 1 போட்டு இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா இருக்கிறது. இதற்கு மேல் பேக்கப் அவசியமா?

பதில்: அவசியம். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட ரெய்டு உதவும். நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் அதே கணத்தில் இரண்டு டிஸ்கிலும் அழிந்துவிடும்.

கேள்வி: மணிக்கொரு ஸ்னாப்ஷாட் தானாக எடுக்கும்படி வைத்தேன், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சென்ற வாரம் டிஸ்க் நிரம்பிவிட்டது. 200 ஜிபி லாக் ஃபைல் ஒன்று கிடந்தது, அழித்தேன். ஒரு ஜிபிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு பெரிதாகத் தெரிந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை அழித்தேன், அப்போதும் கொஞ்சம்தான் வந்தது. என்ன நடக்கிறது?

பதில்: நடந்தது சரியாகத்தான் நடந்திருக்கிறது. அந்த லாக் ஃபைலை நீங்கள் அழித்தது இன்றைய நிலையிலிருந்துதான், அதன் பிளாக்குகளைப் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது எத்தனை ஸ்னாப்ஷாட்டில் இருந்ததோ அத்தனையும் போனால்தான் இடம் வரும். இரண்டாவது விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு எதிரே இசட்எஃப்எஸ் காட்டும் அளவு, அந்த ஒன்றில் மட்டும் இருந்து வேறு எதிலும் இல்லாத பிளாக்குகளின் அளவு. பத்து மணிக்கு எடுத்ததிலும் பதினொரு மணிக்கு எடுத்ததிலும் ஒரே லாக் ஃபைல் இருந்தால் அது இரண்டின் கணக்கிலும் காட்டாது. எல்லா ஸ்னாப்ஷாட்டின் அளவையும் கூட்டினால் 10 ஜிபி, ஆனால் மொத்தமாக ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருப்பது 300 ஜிபி என்று வருவதெல்லாம் இதனால்தான். இசட்எஃப்எஸில் இடத்தைப் பிரித்துக் காட்டும் பட்டியலைப் பாருங்கள், அதில் ஸ்னாப்ஷாட்டுகளுக்கென்றே ஒரு தனிக் கட்டம் இருக்கும், அதுதான் உண்மைக் கணக்கு. அழிக்கும் கட்டளைக்கு ஒத்திகை பார்க்கும் வசதியும் உண்டு: இந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து அந்த ஸ்னாப்ஷாட் வரை அழித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று எதையும் அழிக்காமலே சொல்லும். அதைப் பார்த்துவிட்டு அழியுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் அழித்த பிறகும் பின்னணியில் மெதுவாகத்தான் இடம் விடுபடும், கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள்.

டிஸ்க் நிரம்பியதன் காரணம் நீங்கள் எடுப்பதை மட்டும் தானாக்கி, அழிப்பதைத் தானாக்காமல் விட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்னாப்ஷாட் எடுப்பது ஒரு வரி வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். எதை எப்போது அழிப்பது என்பதில்தான் யோசனை தேவை. அருகில் நடந்ததை நெருக்கமாகவும் பழையதை இடைவெளி விட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகளைத் தானாக எடுத்து அழிக்கும் சனாய்ட் என்ற கருவியோடு வரும் மாதிரி அமைப்பில் மணிக்கொன்று என 36, நாளுக்கொன்று என 30, மாதத்துக்கொன்று என 3 இருக்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு அதுவே போதும். பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஸ்னாப்பர் அல்லது பிடிஆர்பிகே பயன்படுத்தலாம். லாக் ஃபைல்களுக்கு மணிக்கொரு ஸ்னாப்ஷாட் வேண்டவே வேண்டாம்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, உங்கள் ஸ்கிரிப்ட் எடுத்தவற்றை மட்டும்தான் உங்கள் ஸ்கிரிப்ட் அழிக்க வேண்டும், அதற்குப் பெயரில் ஒரு முன்னொட்டு வைத்து அதைப் பார்த்தே அழியுங்கள். இல்லையென்றால் அப்டேட்டுக்கு முன் யாரோ கையால் எடுத்துவைத்ததும் போய்விடும். இரண்டாவது இன்னும் முக்கியம். 'முப்பது நாளுக்கு மேல் ஆனதை அழி' என்று வயதை மட்டும் பார்த்து அழிக்காதீர்கள். ஏதோ காரணத்தால் எடுக்கும் பகுதி நின்றுபோய், அழிக்கும் பகுதி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் முப்பத்தோராவது நாள் உங்களிடம் ஒரு ஸ்னாப்ஷாட்கூட இருக்காது. சர்வரின் கடிகாரம் தப்பாக முன்னே போய்விட்டாலும் இதே கதைதான். எவ்வளவு பழையதானாலும் கடைசியாக எடுத்த இத்தனையைத் தொடாதே என்று ஒரு எண்ணிக்கையையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்னாப்ஷாட் எடுத்தால் டேட்டாபேஸ் உடைந்துபோகும் என்று ஒருவர் சொல்கிறார், ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். மைஎஸ்க்யூஎல்லுக்கு என்ன?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஓடும் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் எடுப்பது, அந்தக் கணத்தில் கரண்ட் போன மாதிரி. திடீரென்று மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ன செய்யும்? தன் டபிள்யூஏஎல் ஃபைல்களை (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) படித்து, உறுதிசெய்யப்பட்ட மாற்றங்களையெல்லாம் மறுபடி போட்டு, பாதியில் நின்றதை விட்டுவிட்டு எழுந்துகொள்ளும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கினாலும் அதேதான் செய்யும். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. டேட்டா ஃபோல்டரும் டபிள்யூஏஎல் ஃபைல்களும் ஒரே கணத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். வேகத்துக்காக டபிள்யூஏஎல்லை வேறொரு டிஸ்கில் வைத்திருக்கிறீர்கள், இதை எடுத்து இரண்டு நொடி கழித்து அதை எடுக்கிறீர்கள் என்றால் உடைந்துபோகும் என்று சொன்னவர் பக்கம்தான் நியாயம். ஒரே இசட்எஃப்எஸ் பூலில் (டிஸ்குகளைச் சேர்த்த மொத்தத் தொகுப்பு) இரண்டு டேட்டாசெட்டாக இருந்தால் ஒரே கட்டளையில் சேர்த்து எடுத்துவிடலாம். அப்படி முடியாத அமைப்பு என்றால் போஸ்ட்கிரெஸிடமே பேக்கப் தொடங்குகிறேன், முடிக்கிறேன் என்று சொல்லும் வழி இருக்கிறது, அந்த முறையில் டபிள்யூஏஎல்லைத் தனியே சேமித்து வருவதும் கட்டாயம். பதிப்பு 15-இல் அந்த இரண்டு கட்டளைகளின் பெயரும் மாறிவிட்டது, பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி வகை டேபிள்களுக்கும் இதே விதிதான், அவையும் தாமாக எழுந்துகொள்ளும். பழைய மைஐசாம் வகை டேபிள்களுக்கு அந்தத் திறன் இல்லை, அதனால் எழுதுவதை நிறுத்திப் பூட்டு போட்டுவிட்டுத்தான் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேரின் ஸ்கிரிப்ட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது: முதல் வரியில் மைஎஸ்க்யூஎல்லைக் கூப்பிட்டுப் பூட்டு போடுகிறார்கள், இரண்டாவது வரியில் ஸ்னாப்ஷாட், மூன்றாவது வரியில் மறுபடி மைஎஸ்க்யூஎல்லைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு, போட்ட இணைப்பு உயிரோடு இருக்கும் வரைதான் நிற்கும். முதல் வரி முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது, பூட்டும் அதோடு போய்விடுகிறது, ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரத்தில் பூட்டே இல்லை. ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது. அந்த இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தே ஸ்னாப்ஷாட் கட்டளையை ஓட்டுங்கள்.

ஸ்னாப்ஷாட் இருந்தாலும் வாரம் ஒரு முறையாவது டேட்டாபேஸை டம்ப் எடுத்து (உள்ளே இருப்பதையெல்லாம் படித்துத் தனி ஃபைலாக எழுதி) வைப்பது நல்லது. ஒரு டேபிளின் பக்கம் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தால் ஸ்னாப்ஷாட் அதையும் அப்படியே விசுவாசமாகச் சுமந்துபோகும், டம்ப் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். வேறு பதிப்புக்கு மாறும்போதும் டம்ப்தான் கைகொடுக்கும்.

கேள்வி: ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் எடுப்பதில்லை. பிழைச் செய்தியும் எதுவும் வரவில்லை.

பதில்: முதலில் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் உள்ளே நுழைந்து ஓட்டும்போது இருக்கும் பாத் வேறு, கிரான் தரும் பாத் வேறு. அது மிகச் சுருக்கமானது, இசட்எஃப்எஸ் கட்டளை இருக்கும் ஃபோல்டர் பெரும்பாலும் அதில் இருக்காது. கட்டளையின் முழு முகவரியையும் எழுதிவிடுங்கள். அது சரியாக இருந்தால் அடுத்து சதவீதக் குறியைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் பெயரில் தேதியைச் சேர்ப்பதற்காகத் தேதிக் கட்டளையை நேராகக் கிரான் வரியிலேயே எழுதியிருப்பீர்கள், அதில் வருடம், மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு % வரும். கிரான் அந்தக் குறியைப் பார்த்ததும் வரி அங்கே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், மீதி கட்டளைக்குப் போகவே போகாது. ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பெயரில் சேர்க்கும் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வையுங்கள், கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றும் நாடுகளில் ஒரே பெயர் இரண்டு முறை வந்து இடிக்காது.

புதிதாகச் செய்வதென்றால் கிரானை விட, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர் மேல் என்பது என் கருத்து. நேரம் வந்தபோது சர்வர் அணைந்திருந்தால், திரும்ப எழுந்ததும் விட்டுப்போனதை ஓட்டச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் இரண்டாவதைத் தொடங்காது. தோற்றுப்போனால் இன்னொரு வேலையைக் கிளப்பச் சொல்லலாம், எல்லாச் செய்தியும் ஜர்னலில் பதிவாகும்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது கடைசி வரி, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள், சர்வர் பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வேறு ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், அன்றாட டம்ப் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் ஓடியது பதிப்பு 9.6-இல், டம்ப் எடுக்கும் நிரல் 9.2-க்கு உரியது, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் சிக்கி யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்.

அதனால் 'தோற்றால் செய்தி அனுப்பு' என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓடவே இல்லாத வேலை தோற்றதாகச் செய்தி அனுப்பாது. மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: பேக்கப் போய்ச் சேரும் மெஷினில், ஒவ்வொரு டேட்டாசெட்டிலும் கடைசி ஸ்னாப்ஷாட்டின் வயது என்ன, அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கூச்சலிடு என்று ஒரு சோதனை வையுங்கள். கிரான் நின்றாலும், நெட்வொர்க் போனாலும், மெஷினுக்குள் நுழையும் சாவி காலாவதி ஆனாலும், டிஸ்க் நிரம்பினாலும் எல்லாமே அந்த ஒரு எண்ணில் வந்து நிற்கும். அந்தச் சோதனையை ஓட்டுவது மூன்றாவது ஒரு மெஷினாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சர்வரிலிருந்து பேக்கப் மெஷினுக்கு எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் ஸ்னாப்ஷாட்டுகளை அனுப்புகிறேன். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) வந்தால் அதுவும் பாதிக்குமா?

பதில்: நீங்கள் சொல்கிற அமைப்பில், பாதிக்கும். சர்வருக்குள் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) நுழைந்தவனுக்கு அங்கிருக்கும் எஸ்எஸ்எச் சாவியும் கிடைக்கும், அதைக் கொண்டு பேக்கப் மெஷினில் உள்ளதையும் அழித்துவிடுவான். தாக்குபவர்களுக்கு ஸ்னாப்ஷாட் பற்றி நன்றாகவே தெரியும். 2017-இல் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸின் ஸ்னாப்ஷாட்டுகளான ஷேடோ காப்பிகளையும் சேர்த்தே அழித்தது.

திசையை மாற்றுங்கள். சர்வர் தள்ளக் கூடாது, பேக்கப் மெஷின் வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். சாவி பேக்கப் மெஷினில்தான் இருக்கும், சர்வருக்கு அங்கே நுழைய வழியே இருக்கக் கூடாது. பேக்கப் மெஷின் சர்வருக்குள் வரும்போதும் ரூட்டாக வரத் தேவையில்லை, இசட்எஃப்எஸில் ஒரு சாதாரண யூசருக்குச் செண்ட் செய்யவும் ஸ்னாப்ஷாட்டைப் பிடித்துவைக்கவும் மட்டும் அனுமதி கொடுத்து, அழிக்கும் அனுமதியைக் கொடுக்காமல் விடலாம். எதை எவ்வளவு நாள் வைப்பது என்பதைப் பேக்கப் மெஷின் தானே தீர்மானிக்கட்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: உட்பிரிவுகளோடு மொத்தமாக அனுப்பி, மறுபக்கம் கட்டாயப்படுத்தி ரிசீவ் செய்யும் முறையில், சர்வரில் இல்லாத ஸ்னாப்ஷாட் பேக்கப் மெஷினிலும் அழிக்கப்பட்டுவிடும். அந்த முறையில் சர்வரில் அழித்தவன் இங்கேயும் அழித்த மாதிரிதான். சின்காய்ட் மாதிரி ஒவ்வொரு டேட்டாசெட்டாகத் தொடர்ந்து அனுப்பும் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் டேட்டாசெட் தானாக மவுண்ட் ஆகாமலும் (ஒரு ஃபோல்டரின் இடத்தில் வந்து இணையாமலும்) பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் ரீபூட்டுக்குப் பிறகு அது பேக்கப் மெஷினின் சொந்த ஃபோல்டர்கள் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பேக்கப் மெஷின் சில வாரம் அணைந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாறியதை மட்டும் அனுப்ப, இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டும். அந்த இடைவெளியில் சர்வர் அதை அழித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து முழு டேட்டாவையும் அனுப்ப வேண்டியதுதான். கடைசியாக அனுப்பியதன் மேல் ஒரு ஹோல்ட் (அழிக்க விடாத பிடி) போட்டுவையுங்கள், அல்லது புக்மார்க் (அந்த ஸ்னாப்ஷாட்டின் அடையாளக் குறி) வைத்துக்கொள்ளுங்கள். புக்மார்க் இடம் பிடிக்காது, ஸ்னாப்ஷாட் போன பிறகும் அதிலிருந்து தொடரலாம்.

என்கிரிப்ட் செய்த டேட்டாசெட்டைத் திறக்காமலே அப்படியே அனுப்ப முடியும், பேக்கப் மெஷினுக்குச் சாவி தேவையே இல்லை. ஆனால் அந்தச் சாவியின் பிரதி சர்வரைத் தவிர வேறு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சர்வர் போய், சாவியும் அதோடு போனால் பேக்கப்பில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது.

கேள்வி: ஒரு ஃபோல்டர் போய்விட்டது. ஸ்னாப்ஷாட் இருக்கிறது. ரோல்பேக் செய்துவிடலாமா?

பதில்: ஒரு ஃபோல்டருக்காக வேண்டாம். ரோல்பேக் என்றால் அந்த டேட்டாசெட் முழுவதுமே பழைய நிலைக்குப் போகும், காலையிலிருந்து மற்றவர்கள் செய்த வேலையும் சேர்ந்து போகும். அதோடு, இடையில் உள்ள ஸ்னாப்ஷாட்டுகளை இசட்எஃப்எஸ் அழித்தால்தான் பின்னால் போக முடியும். அது கேட்கும்போது சரி என்று கட்டாயப்படுத்தினால் அவை திரும்பி வராது. டேட்டாசெட்டின் உச்சியில் ஸ்னாப்ஷாட்டுகளுக்கென்று மறைவாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது, புள்ளியில் தொடங்கும் பெயர். மறைந்த ஃபைல்களையும் காட்டு என்று கேட்டாலும் பட்டியலில் தெரியாது, ஆனால் பெயரைத் தட்டி உள்ளே போனால் போகும். வேண்டிய நேரத்து ஸ்னாப்ஷாட்டுக்குள் சென்று அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. எதை மீட்பதானாலும் தொடுவதற்கு முன் இப்போதைய நிலைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? முழு சர்வரையும் மீட்டுப் பார்க்க இன்னொரு சர்வர் என்னிடம் இல்லை.

பதில்: தேவையில்லை. மாதம் ஒரு முறை பூல் முழுவதும் ஸ்க்ரப் ஓட்டுங்கள், டிஸ்கில் இருப்பது எழுதியபடியே இருக்கிறதா என்று அது பார்த்துவிடும். ஆனால் எழுதியதே உபயோகமானதா என்பது ஸ்க்ரப்புக்குத் தெரியாது. அதற்கு, பேக்கப் மெஷினில் கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (அதன் மேல் எழுதக்கூடிய நகல்) உருவாக்குங்கள். அதுவும் ஒரு நொடி வேலைதான், இடமும் பிடிக்காது. அந்தக் குளோனின் மேல் டேட்டாபேஸை வேறொரு போர்ட்டில் தொடங்குங்கள். எழுந்துகொள்கிறதா, தினமும் வரவு விழும் ஒரு டேபிளில் கடைசி வரிசையின் தேதி நேரம் ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆட்களின் ஃபைல்களில் சிலவற்றைக் கண்டபடி எடுத்துத் திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள், நிஜமாகவே சர்வர் விழும் நாளில் உங்கள் மேலதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான். முடிந்ததும் குளோனை மறக்காமல் அழித்துவிடுங்கள். அது இருக்கும் வரை அதற்கு மூலமான ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது, பழையதைத் துடைக்கும் வேலை ஒவ்வொரு முறையும் அங்கே வந்து பிழை காட்டி நிற்கும்.